பதினேழாம் நம்பர் சீட்டு

எங்கள் தொழிலில் யாராவது நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், எங்கோ ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்குள் கர்னல் என்று ஒன்று உண்டு. அதில், தகவலைச் சேமித்து வைக்கும் டிஸ்கோடு பேசுகிற பகுதியை எழுதி எழுதியே இருபது வருஷம் ஓடிவிட்டது எனக்கு. இதே பிழைப்பு பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பயப்பட வேண்டாம், ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒரே விஷயம்

கிழக்கு தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஸ்கூல் டீச்சர் கிரேஸ் அக்கா மடக்கிப் பிடித்துக் கேட்டார். "ஷீலா, நீ ஆபீஸ்ல நிஜமா என்னதான் பண்ற?" நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். டிஸ்குக்கு ஒரு வேலை சொல்ல வேண்டுமென்றால் கர்னல் ஒரு சீட்டு எழுதும். எதைப் படிக்க வேண்டும், எவ்வளவு, கொண்டுவந்து எங்கே வைக்க வேண்டும், எத்தனை நொடி காத்திருப்போம், எல்லாம் அதில் இருக்கும். மேலே ஒரு நம்பர். வேலை முடிந்ததும் டிஸ்கு நம்பரை மட்டும்தான் சொல்லும். 'பதினேழு முடிந்தது' என்றால் பதினேழாம் சீட்டை முடித்துவிட்டு, அதே நம்பரை அடுத்த வேலைக்குக் கொடுத்துவிடுவோம். நாங்கள் செய்து விற்கும் டிஸ்கு பெட்டியில் மொத்தம் முப்பத்திரண்டு சீட்டு. நாள் முழுக்க அவைதான் சுற்றிச் சுற்றி வரும்.

கிரேஸ் அக்கா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என் தோளில் தட்டிவிட்டுச் சொன்னார்: "டோக்கன் குடுக்கற வேலைன்னு சொல்லேன். இதுக்கா எப்பப் பாரு உனக்கு அவ்ளோ டென்ஷன்?"

செவ்வாய்க்கிழமை வந்த போன்

எங்கள் ஆபீஸ் சானடோரியம் பக்கம் இருக்கிறது. டிஸ்குகளை அடுக்கிய பெட்டி செய்து விற்கிறோம். பெட்டியின் பின்னால் ஒரு ஸ்டிக்கர், அதில் ஒரு போன் நம்பர். அன்று சர்வீஸில் இருந்தவர் லீவு, போன் என் மேஜைக்கு வந்தது. கீழ்க்கட்டளையில், படங்களை எங்கள் பெட்டியில் சேமித்து வைக்கும் ஒரு ஸ்கேன் சென்டர், பேசியவர் அங்கே டெக்னீஷியன், பெயர் லோகநாதன்.

முந்தின நாள் திங்கட்கிழமை காலை ஒரு பெரியவருடைய வயிற்று ஸ்கேனை, சென்டரை நடத்தும் டாக்டரம்மா திறந்திருக்கிறார். படத்தின் நடுவில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. ரிப்போர்ட் எழுதப் போனவர், நடுவில் உள்ள எலும்பு மேலும் கீழும் உள்ளதோடு பொருந்தாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். படத்தின் நடுவில் பட்டையாக ஒரு பகுதி வேறு ஒரு பேஷண்ட்டுடையது. லோகநாதன் பதறிப்போய் மெஷினை அணைத்துப் போட்டார். படம் சரியாக வந்துவிட்டது. வினையே அங்கேதான். இரண்டு பேரின் படத்தைக் குழப்பியதும் இவர்தான், மாட்டிக்கொண்டதும் சத்தமில்லாமல் சரி செய்ததும் இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள்.

"எங்கள் பெட்டியில் அப்படியெல்லாம் நடக்காது சார்" என்றேன், எல்லோரும் சொல்வதுபோல.  லோகநாதன் சொன்னார்: "நடக்காதுன்னு எனக்கும் தெரியும் மேடம். ஆனா நான் எதையும் தொடல."

காட்டக் கூடாத படம்

அந்தக் குரல் என்னை விடவில்லை. புதன்கிழமை காலை கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், ஷேவ் செய்துகொள்ளவில்லை. மெஷினை அணைப்பதற்கு முன்னால் திரையைத் தன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். பேஷண்ட் ஸ்கேனைச் சொந்தப் போனில் எடுப்பது அவர்கள் சென்டரில் பெரிய குற்றம். கையில் இருக்கிற ஒரே சாட்சியைக் காட்டினால் அதற்காகவே வேலை போய்விடும். என்னிடம் மட்டும் காட்டினார், சுற்றிலும் பார்த்துக்கொண்டே.

நான் கட்டியைப் பார்க்கவில்லை. பட்டையின் உயரத்தைத்தான் பார்த்தேன். விரலால் அளந்தேன், திரும்பவும் அளந்தேன். மொத்தப் படத்தில் சரியாகக் கால்வாசி. எங்கள் சீட்டு ஒன்று ஒரு தடவைக்கு எடுத்து வரும் அளவும் அந்தப் படத்தில் சரியாகக் கால்வாசிதான். ஆள் செய்யும் தவறு இப்படி ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் வராது.  டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு லோகநாதன் கேட்டார்: "மேடம், உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

எல்லாம் பச்சை

ஆபீஸுக்கு வந்ததும் எங்கள் டெஸ்டிங் பாஸ்கரைப் பிடித்தேன். பாஸ்கர் நல்லவர், கோபக்காரர், தான் பாஸ் போட்ட ஒன்றைச் சந்தேகப்பட்டால் வீட்டாரைத் திட்டியதுபோல் எடுத்துக்கொள்வார். எல்லா டெஸ்டையும் என் கண் முன்னால் மறுபடி ஓட்டிக் காட்டினார். எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கைப் பிடுங்கி எறிந்தும் காட்டினார். அதுவும் பச்சை.

சென்டரில் இருக்கும் எங்கள் பெட்டி தானே எழுதி வைத்த பதிவை வரவழைத்துப் பார்த்தேன், அதில் ஒரே ஒரு வரி இருந்தது. திங்கள் காலை, பதினேழாம் சீட்டுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்தது என்று. அந்த டிஸ்கு சாகவும் இல்லை. அடுத்த நிமிஷம் வழக்கம்போல் வேலை செய்திருக்கிறது. "பாஸ்கர், நம்ம லேப்ல இருக்கிற டிஸ்கு ஒண்ணு உடனே பதில் சொல்லும், இல்ல செத்துப்போகும். லேட்டா பதில் சொல்ற டிஸ்கு நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டேன். அவர் கையில் இருந்த கேபிளைக் கீழே வைத்தார்.

"இன்னாக்கா சொல்ற, செத்த டிஸ்கு பிரச்சனையே கெடையாது. லேட்டா எழுந்து வந்து பேசுதே, அதுதான் பேஜாரு" என்றார் பாஸ்கர்.

எழுதியது யார்

வியாழக்கிழமை காலை நேரம் கடந்த சீட்டை என்ன செய்கிறோம் என்ற பகுதியைத் திறந்தேன். டிஸ்கிடம் 'பதினேழை விட்டுவிடு' என்று சொல்கிறோம். சரி. அது 'விட்டுவிட்டேன்' என்று சொல்லும் வரை காத்திருக்கிறோம். சரி. அந்தப் பதிலும் வராவிட்டால்? டிஸ்கு செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, பதினேழாம் நம்பரை எடுத்து அடுத்த வேலைக்குக் கொடுத்துவிடுகிறோம். டிஸ்கு சாகவில்லையே, கெட்டுப்போன ஒரு இடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது! கடைசியில் மெதுவாக நிமிர்ந்து 'பதினேழு முடிந்தது' என்கிறது. அது சொல்வது பழைய பதினேழு. நாங்கள் புதிய பதினேழை முடித்துவிடுகிறோம். புதியதற்கு ஒரு துளி கூட வந்து சேரவில்லை. அது கொண்டுவந்து வைக்க வேண்டிய இடத்தில் முன்பு யாருடைய படம் இருந்ததோ, அதுவே பெரியவரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. டிஸ்கில் இருந்த படம் கெடவே இல்லை, அதனால்தான் மெஷினை அணைத்துப் போட்டதும் சரியாக வந்திருக்கிறது.

அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பும் இருந்தது: 'இங்கே வர வாய்ப்பே இல்லை.' எந்த மகாராசன் இதை எழுதினான் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பெயரைத் தேடினேன். மகாராசன் இல்லை. நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ரிலீஸ் அவசரத்தில். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் வந்து நின்ற பாஸ்கர் திரையைப் படித்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒத்துக்கினு பாஸ் போட்டது நான்தானேக்கா. நவுரு, ரெண்டு பேருமா பாப்போம்."

மாப்பிள்ளையும் யானையும்

காரணம் தெரிந்தால் போதாது, கண் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸிலேயே நம்ப மாட்டார்கள். டிஸ்குக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, பதிலை வேண்டுமென்றே பிடித்து வைத்துத் தாமதமாக விடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினோம். பேஷண்ட் படத்தைத் தொட மாட்டேன் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதால், என் மகள் வண்டலூர் பூங்காவில் எடுத்த யானைப் படங்களையும், பாஸ்கரின் கல்யாணப் படங்களையும் அதே அளவுக்கு மாற்றி ஏற்றினோம்.

நூறு தடவை ஓட்டினோம். ஒன்றும் இல்லை. ஆயிரம் தடவை. ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டி நான்கு மணி ஆகிவிட்டது. மறுநாள் மூன்று மணியை நினைத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்கர்தான் தாமதத்தை இன்னும் இரண்டு நொடி கூட்டிப் பார்க்கலாம் என்றார். கூட்டினோம். திரையில் மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளைக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில், சரியாகக் கால்வாசி உயரத்துக்கு, யானையின் காது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பாஸ்கர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆல்பத்துல கீறத விட இதுல நான் நல்லாவே கீறேன்."

ஒரு வாக்கியத்துக்காக

வெள்ளிக்கிழமை காலை திருத்திய புரோகிராம் தயார். டிஸ்கை ஒரேயடியாக நிறுத்திக் கிளப்பாமல் இனி நேரம் கடந்த சீட்டு எதையும் திரும்ப எடுத்து அடுத்த வேலைக்குக் கொடுப்பதில்லை. ஸ்கேன் சென்டருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எங்கள் மேனேஜர் சுந்தரம் சார் தானே எழுதி வைத்திருந்தார். 'மிக அரிதான வன்பொருள் சூழ்நிலை' என்று ஆரம்பித்து, 'முன்னெச்சரிக்கையாக ஒரு மேம்பாடு' என்று முடிந்தது. அதில் லோகநாதனும் இல்லை, நானும் இல்லை.

"சார், 'தவறு எங்கள் புரோகிராமில், உங்கள் டெக்னீஷியன் மேல் தவறில்லை'ன்னு ஒரு வாக்கியம் வேணும்" என்றேன். அப்படி எழுதினால் மற்ற கஸ்டமர்கள் எல்லோரும் கேள்வி கேட்பார்கள் என்றார். கேட்கட்டும், அவர்களுக்கும் இன்றே திருத்தம் போக வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது. மணி ஒன்றரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்க ஷீலா. கீழ கையெழுத்து நான் போடறேன், ஆனா நேர்ல போய்த் திட்டு வாங்கறது நீங்கதான்."

மூன்று மணி

பல்லாவரத்தில் டிராஃபிக். ஆட்டோக்காரரை நான் படுத்திய பாடு அவருக்குத்தான் தெரியும். இரண்டு ஐம்பதுக்கு உள்ளே நுழைந்தேன். டாக்டரம்மா, எதிரில் லோகநாதன், நடுவில் மேஜை மேல், அவரை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் வைத்த ஒரு உறை. நான் கடிதத்தைக் கொடுத்தேன், லேப்டாப்பைத் திறந்து யானைக்காது மாப்பிள்ளையைக் காட்டினேன், எழுதியது நான்தான் என்று சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டினார். உட்காரக்கூடச் சொல்லாமல் கால் மணி நேரம் திட்டினார். அந்தக் கட்டியை நம்பிப் பெரியவரை ஆபரேஷனுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்.  திட்டி முடித்ததும் மேஜை மேலிருந்த உறையை எடுத்து இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

வாசல் வரை லோகநாதன் கூடவே வந்தார். நன்றி சொல்வார், அல்லது நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்து வீட்ல, 'ஆமா, நான்தான் மாத்திப் போட்டுட்டேன்'னு சொல்லிட்டேன் மேடம். எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே அப்படித்தான் ஞாபகம் வர ஆரம்பிச்சுடுச்சு."

இருபது வருஷம் கர்னலில் குப்பை கொட்டியதில் நான் கண்டது இவ்வளவுதான்: செத்த டிஸ்கை நம்பலாம், லேட்டாகப் பேசும் டிஸ்கையும் ஒரு மாதிரி சமாளிக்கலாம், 'இங்கே வர வாய்ப்பே இல்லை' என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிற என்னைப் போன்றவர்களைத்தான் ஒரு நொடி கூட நம்பக் கூடாது.