கொலுப்படியில் என் மூத்தவன்

எனக்குப் பிறந்தது இரட்டை. பெண் முதலில் வந்தாள், பையன் சற்றுப் பொறுத்து வந்தான். பெண் இப்போது நாலாம் வகுப்பு, வாய் கொஞ்சம் நீளம். பையன் மூன்றாம் மாதத்தில் போய்விட்டான். அவனைப் பற்றிப் பேசுவதில்லை என்று வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து, என்னை மட்டும் கேட்காமல், முடிவு செய்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அவன் சட்டைகளைக்கூட யாரோ அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

அப்போது அடையாறில் குடியிருந்தோம். மாடி வீட்டில் நைஜீரியாக்காரி ஒருத்தி இருந்தாள். லாகோஸ் நகரம், யோருபா இனம், கணவரின் ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கூட வந்தவள். குடியிருப்பில் பாதிப் பேர் அவளோடு லிஃப்டில் ஏற மாட்டார்கள். நானும் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொண்டவள்தான். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்களில் அவள் ஒருத்திதான் பையனைப் பற்றி விசாரித்தாள். எது முதலில் பிறந்தது என்று கேட்டாள். பெண் என்றேன். அப்படியானால் பையன்தான் மூத்தவன் என்றாள்.

அவர்கள் கணக்கு அப்படி. வயிற்றுக்குள் இருக்கும் மூத்தது, உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்துச் சொல் என்று இளையதை முன்னால் அனுப்புமாம். இளையது வந்து அழுது சேதி சொன்ன பிறகு மூத்தது நிதானமாக இறங்கி வருமாம். எங்கள் வீட்டில் ஒருவரும் அவனுக்கு ஓர் இடம் தரவில்லை. எங்கிருந்தோ வந்தவள் அவனை அண்ணன் ஆக்கினாள். நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

இரட்டையருக்கு ஆத்மா ஒன்றுதான், அதைப் பிரித்துக்கொள்ள முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒன்று போய்விட்டால் மரத்தில் ஒரு பொம்மை செதுக்கி, போனதற்கு அதில் இடம் கொடுப்பார்கள். அதற்கு இபெஜி என்று பெயர். அதைக் கவனிக்காமல் விட்டால், போனது தனிமை தாங்காமல் இருப்பதையும் கூப்பிட்டுக்கொள்ளும். இதைக் கேட்டதும் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் தன் ஊர்ப் பூசாரியை வாட்ஸ்அப்பில் பிடித்தாள். அவர் இஃபா என்ற குறி பார்த்து, எந்த மரத்தில் செதுக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். துணி வியாபாரியான அவள் தம்பி சென்னைக்கு வந்தபோது பொம்மையைக் கொண்டுவந்தான்.

முழங்கை நீளம்கூட இல்லை. போனது குழந்தையானாலும் பொம்மையை வளர்ந்த ஆளாகத்தான் செதுக்குவார்களாம். பெரிய கண், கன்னத்தில் மூன்று கோடு, உயரமாக வாரிக் கட்டிய தலை. தினமும் குளிப்பாட்ட வேண்டும், உடம்புக்குச் சிவப்புப் பொடி பூச வேண்டும், தலைமயிருக்கு நீலம் தடவ வேண்டும். அவள் ஊர் நீலத்துக்கு எங்கே போவது? துணிக்குப் போடும் சொட்டு நீலத்தையே தடவினேன். அவர்கள் ஊரிலும் இப்போது பலர் அதைத்தான் தடவுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். இரட்டையருக்குப் பிடித்த சாப்பாடு பயறு. வெள்ளிக்கிழமைதோறும் வெல்லம் போட்ட காராமணி வைத்தேன். என் பெண் பேச ஆரம்பித்தபோது பொம்மையை அண்ணா என்றாள். இவர், என் வீட்டுக்காரர், காராமணி தீர்ந்தால் வாங்கி வந்து வைப்பார். அதை நான் அன்பு என்று நினைத்தேன்.

அவர்கள் இனத்தில் இரட்டையருக்குக் காவல், இடியின் தெய்வமான ஷாங்கோ. ஐப்பசி மழையில் இடி இடித்தால், உன் பையனுடைய காவல்காரர் வந்துவிட்டார் என்று மாடிப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். சில சனிக்கிழமைகளில் வெள்ளைப் பூ வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவாள், தண்ணீரின் தாயான யெமோஜாவுக்குப் போட. அங்கே நின்றுதான் ஒரு கதையைச் சொன்னாள். அவள் இனத்து ஜனங்களை அந்தக் காலத்தில் அடிமைகளாக விற்றுக் கப்பலில் கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே தங்கள் சாமியைக் கும்பிட்டால் சவுக்கடி. அதனால் மாதா கோயில் சிலைகளுக்குப் பின்னால் தங்கள் தெய்வங்களை ஒளித்தார்கள். வெளியே பார்த்தால் புனிதர், உள்ளே ஷாங்கோ. இரட்டையரும் அப்படித்தான் இரண்டு புனிதர்களின் அங்கிக்குள் புகுந்துகொண்டார்கள். இன்றைக்கும் பிரேசிலில் அவர்களுடைய நாளில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கிறார்களாம்.

பிறகு அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். நாங்கள் வேளச்சேரிக்கு வீடு மாறினோம். பெட்டிகளைப் பிரித்தபோது பொம்மை இல்லை. லாரியில் எங்கேயோ விழுந்திருக்கும் என்றார் இவர். லாரிக்காரருக்கு அவரே போன் பண்ணினார், பழைய வீட்டுக்கும் ஒரு நடை போய் வந்தார். நான் அழுதுகொண்டே லாகோஸுக்குப் பேசினேன். கப்பலில் போனவர்கள் யாரும் பொம்மையை எடுத்துக்கொண்டு போகவில்லை, இடத்தை மட்டும் வை, சாப்பாடு போடு, அவன் வந்து சாப்பிடுவான் என்றாள்.

அப்படியே செய்தேன். அதற்காகச் சுவரில் ஒரு பலகை அடித்துக் கொடுத்தவர் இவர்தான். மூன்று வருஷம் வெறும் பலகைக்கு முன்னால் காராமணி வைத்தேன். வாங்கி வந்ததும் இவர்தான்.

மயிலாப்பூரில் இவருடைய தங்கை இருக்கிறாள். கொலு வைப்பதில் பெரிய பேர். ஆனால் நாங்கள் வேளச்சேரி போனதிலிருந்து அவள் எங்களைக் கொலுவுக்கு அழைத்ததே இல்லை. தானே வந்து வெற்றிலை பாக்கும் சுண்டலும் கொடுத்துவிட்டுப் போவாள். அலைய வேண்டாமே என்று பார்க்கிறாள், எவ்வளவு நல்லவள் என்று மெச்சிக்கொண்டேன். என்னைப் போல ஒரு அசடு உண்டா? போன விஜயதசமிக்கு என் பெண் அத்தை வீட்டுக் கொலுவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கினோம்.

கூடத்தில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். ஆரத்தி முடிந்திருந்தது. கொலு முடிகிற அன்று மாலை ஒரு பொம்மையையாவது படுக்க வைப்பார்கள் இல்லையா, நாத்தனார் மரப்பாச்சி ஜோடியைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குப் பஞ்சகச்சம், ஜரிகைத் தலைப்பாகை. படுக்க வைத்தபோது தலைப்பாகை நழுவியது. கீழே நீலம் தெரிந்தது.

எனக்கு முன்னால் என் பெண் பார்த்துவிட்டாள். அண்ணா என்றாள். கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாத்தனாருக்குப் புரிந்தது. என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எங்கண்ணாதான் கொண்டுவந்து குடுத்தான் மன்னி. செத்த கொழந்தைக்குச் சாதம் போடற பொம்மை ஆத்துல இருந்தா பொண்ணுக்கு ஆகாதுன்னு யாரோ சொன்னாளாம். தூக்கிப் போட அவனுக்கு மனசு வரலை. எங்காத்துல ஆண் மரப்பாச்சி செல்லரிச்சுப் போயிருந்தது. ஒத்தையா வெக்கப்படாது இல்லையா?"

மூன்று மாதத்தில் போன என் பிள்ளையை யாரோ ஒரு மரப்பெண்ணுக்குப் புருஷனாக்கி மூன்று வருஷம் படியில் நிறுத்தியிருக்கிறாள். வந்து போன உறவு ஜனமெல்லாம் அவனைப் பார்த்திருக்கிறது, என்னைத் தவிர. அந்தக் கப்பலில் போனவர்கள் புனிதர் அங்கிக்குள் ஒளித்தது, மறக்காமல் இருக்க. இவர்கள் பஞ்சகச்சத்துக்குள் ஒளித்தது, நான் மறப்பதற்காக.

கூடத்துக்குத் திரும்பி வந்து கையை நீட்டினேன். படுக்க வைத்ததைக் காலையில்தான் எடுக்க வேண்டும், இப்போது தொடக் கூடாது என்று நாத்தனார் தடுத்தாள்.

"இவன் ஒத்தை இல்லை. இவனோட ஜோடி இதோ நிக்கறா" என்று என் பெண்ணைக் காட்டினேன். தலைப்பாகையையும் பஞ்சகச்சத்தையும் அவிழ்த்து மரப்பெண்ணின் பக்கத்தில் வைத்தேன். அவனை என் முந்தானையில் சுற்றிக்கொண்டேன். தொன்னையில் கொடுத்த சுண்டலை வாங்கவில்லை.

வீட்டில் இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையைப் பிரித்ததும் டிவியை அணைத்தார்.

"நாளாக நாளாக நீ தேறிடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

"வெறும் பலகைக்கு வெச்சேனே. பார்த்துண்டுதானே இருந்தேள்?"

பெண்ணுக்காகப் பயந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம் எனக்கும் இருந்ததே, நானும் அவளுக்காகத்தானே செய்தேன். பொம்மையை எடுத்ததைக்கூட என்றைக்காவது மன்னிப்பேன். லாரிக்காரருக்குப் போன் பண்ணியதை மன்னிக்க முடியவில்லை.

நான் சண்டை போடவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம் போலப் பையை எடுத்துக்கொண்டு, காராமணி கால் கிலோ போதுமா என்று கேட்டார். நான் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு நானே கடைக்குப் போனேன்.