வெள்ளி பூசிய விமானம்

இன்று காலை கேற்றுக்கு அடிக்க வெள்ளிப் பெயின்ற் டின்னைத் திறந்ததும், அந்த மணத்தோடு கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருமுனையில் இருந்த சிறு பூங்கா நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். பூங்காவின் நடுவே, போர் நினைவுச்சின்னமாக, பழைய இராணுவ விமானம் ஒன்றைச் சீமெந்துத் தூணில் ஏற்றி வைத்திருந்தார்கள். மழை விட்ட பின்பும் அதன் வயிற்றிலிருந்து நெடுநேரம் நீர் சொட்டும், இறக்கையில் காகங்கள் நடப்பது தகரத்தை நகத்தால் கீறுவதுபோலக் கேட்கும், வருடத்துக்கு ஒருமுறை சிப்பாய்கள் வந்து அதற்கு வெள்ளி பூசுவார்கள்.

எங்களுக்கு அது பிளேன். யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சில் வீட்டை இழந்து, தன் தாயான என் பெரியம்மாவுடன் எங்களிடம் வந்திருந்த எட்டு வயது சுமதிக்கு அது பொம்மர், குண்டு போடும் விமானம். அதன் நிழலைக்கூட மிதிக்க மாட்டாள். வடக்கிலிருந்து வருவோர் பொலிஸில் பதியவேண்டிய அந்தக் காலத்தில் அவர்கள் பதியாமல் தங்கியிருந்ததால் அம்மா தினமும் சொல்லுவார்: "பொம்மர் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை பிள்ளை. அந்தச் சொல்லே ஊரைக் காட்டிக் குடுத்திடும்."

வெள்ளி பூச வந்த சிப்பாய் ஒருவன் பிரஷ்ஷால் விமானத்தைக் காட்டி, "நங்கி, மே மொக்கத?" என்று சுமதியிடம் விளையாட்டாகக் கேட்டான், தங்கச்சி, இது என்ன என்று. நான் வாயைத் திறக்குமுன் சுமதி பயத்தில், "பொம்மர்" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. "யாப்பனேத?" என்றான், யாழ்ப்பாணமா என்று.

மறுநாள் பொலிஸ் வந்தது. இரண்டு நாளில் இருவரும் ஊர் திரும்பவேண்டும் என்றார்கள். பஸ்ஸில் ஏறும்போது சுமதி என் அம்மாவின் கையை விடவில்லை.

"சின்னம்மா, அங்க போனாப் பொம்மர் எண்டு சொல்லலாம்தானே?"

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா. "அங்க சொல்லலாம்."