புரோமைடு இல்லை, புரோமேட்

எங்கள் வீட்டில் சித்தி ஒருத்திக்குத்தான் புரோமைடுக்கும் புரோமைட்டுக்கும் வித்தியாசம் தெரியும். அம்மாவின் தங்கையான அவள், ஆம்பூரில் எங்களோடு தங்கி, தினமும் ரயிலில் வேலூர் போய் எம்.எஸ்சி. வேதியியல் படித்து முடிக்கும் தறுவாயில் இருந்தாள். அவளுடைய ஆய்வு புரோமைட்டு உப்புகளைப் பற்றியது. அம்மா அக்கம்பக்கத்தில் அதைப் புரோமைடு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தியும் திருத்தித் திருத்தி அலுத்துப் போயிருந்தாள்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது திருப்பத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், முடியைச் சுருட்டை போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு பார்லருக்குக் கிளம்பினாள். பார்லர் வைத்திருந்த அக்கா அவள் தலை முழுக்கச் சின்னச் சின்ன உருளைகளைச் சுற்றி, ஒன்றாம் நம்பர் பாட்டிலில் இருந்த மருந்தை ஊற்றினாள். எங்களை அழைத்துப் போக வந்த மாமா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடித்து நேராக வந்தவர், வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா இது, எங்க சுண்ணாம்புக் குழி நாத்தமே அடிக்குது?"

"அதேதான்ணா," என்றாள் சித்தி உற்சாகமாக. "நீங்க தோல்ல முடிய மொத்தமா கரைக்கிறீங்க. இங்க பாதில நிறுத்திடுவோம். முடிக்குள்ள இருக்கிற பூட்ட இது தெறக்குது. ரெண்டாம் நம்பர் ஊத்தினா, சுருண்ட வாக்குலயே திரும்பப் பூட்டிக்கும்."

அப்போதுதான் பார்லர் அக்காவின் முகம் வெளிறியது. பெட்டிக்குள் இருந்த இன்னொரு பாட்டிலும் ஒன்றாம் நம்பர்! பேக் பண்ணினவன் மாற்றி வைத்துவிட்டிருக்கிறான். கையிருப்பில் வேறு பெட்டியும் இல்லை.

"இப்டியே வுட்டா முடி பிஞ்சு வந்துடும்மா," என்று அக்கா அழத் தொடங்கினாள்.

சித்தி அழவில்லை. தலையைத் தொட்டிக்குள் கவிழ்த்து, உருளைகளைக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றி அலசச் சொன்னாள். அப்படியே குனிந்தபடி என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, மாமாவோட பஜாருக்கு ஓடு. ரெண்டாம் நம்பர்ல ரெண்டு தினுசு இருக்கும். பெராக்ஸைடு வாணாம், முடி செம்பட்டையாயிடும். சோடியம் புரோமேட்னு போட்டிருக்கணும். புரோமைடு இல்ல, அதுல ஆக்சிஜனே கெடையாது. புரோமேட்ல மூணு இருக்கு. அந்த ஆக்சிஜன்தான் பூட்டும்."

"ரெண்டு இருந்தா?" என்று கேட்டேன். அந்த அவசரத்திலும் அவள் முகம் மலர்ந்தது.

"அதான் என்னோட புரோமைட்டு! அது சொன்ன பேச்சு கேக்காது. காரம் இல்லாத தண்ணில வுட்டா கொஞ்ச நேரங்கூட நிக்காது. ரெண்டு பங்கு புரோமேட்டா ஏறிடும், ஒரு பங்கு புரோமைடா எறங்கிடும். ஓடு, ஓடு!"

பிரியாணிக் கடைக் கூட்டத்துக்குள் மாமா வண்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து "புரோமேட், புரோமேட்" என்று கத்திக்கொண்டே போனேன். வாயை மூடினால் அந்த வார்த்தை புரோமைடாக மாறிவிடும் என்று பயம்.

பார்லர் சாமான் கடை பாய் நிதானமானவர்.

"புரோமைடா? அது போட்டோ பிரிண்ட் போடுற பேப்பராச்சே, ஸ்டுடியோல கேளும்மா."

"புரோமைடு இல்ல, புரோமேட்! மூணு ஆக்சிஜன்!"

பாய் சிரித்துக்கொண்டே ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெராக்ஸைடு. இன்னொன்றும் அதுவே.

"ரெண்டாம் நம்பர்தானே, ஏதோ ஒண்ணு வாங்கிட்டுப் போலாம் வா. பேஜார் பண்ணாத," என்றார் மாமா.

நான் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தேன். பாய் பெருமூச்சு விட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டின் மூலையில் துழாவி, தூசி படிந்த ஒரு பாட்டிலை இறக்கினார். பொடி எழுத்தில் பி, ஆர், ஓ, எம்... அடுத்த எழுத்து ஏ! நான் குதித்த குதியில் பாயும் கை தட்டினார்.

அதை ஊற்றி ஊறவிட்டு உருளைகளைக் கழற்றியபோது சித்தியின் தலையிலிருந்து கன்னங்கரேலென்று சுருள் சுருளாக முடி துள்ளி விழுந்தது. ஒன்றுகூட அறுபடவில்லை. பார்லர் அக்கா சித்தியைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் சித்தியின் தலையையே பார்த்தார்.

"போட்டோல முடி நேரா, நீளமா இருந்துச்சே? அதப் பாத்துதான் எங்களுக்குப் புடிச்சுதே."

சித்தி இதற்காகவே காத்திருந்தவள் போல விளக்க ஆரம்பித்தாள். பூட்டைத் திறப்பதையும் புரோமேட் வந்து பூட்டுவதையும் சொல்லிவிட்டு, தோல் ஷாப்பில் மாட்டுத்தோலின் முடியைக் கரைப்பதும் கிட்டத்தட்ட இதே விஷயம்தான் என்று முடித்தாள். அந்த அம்மாள் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். நான் என் பங்குக்கு, எதில் எத்தனை ஆக்சிஜன் என்று ஒப்பித்தேன். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை.

அம்மா இரண்டு நாள் சித்தியோடு பேசவில்லை. நான் வாங்கி வந்த பாட்டிலால்தான் எல்லாம் கெட்டது என்று நான் தேம்பினேன். சித்தி என்னை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்த் தட்டாமாலை சுற்றினாள். "நீ மட்டும் அத வாங்கிட்டு வரலன்னா என் கதி இன்னா ஆயிருக்கும்!" என்று மூச்சிரைக்கச் சிரித்தாள். என்னைத் தேற்றுவதற்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில், ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொல்லி, சித்தி சென்னைக்கு ரயிலேறினாள். ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, காதுவரை விரிந்த சிரிப்போடு எனக்குக் கையசைத்தாள். பாவம், வரன் தட்டிப்போன துக்கத்தில் ஊரை விட்டே போகிறாளே என்று, ரயில் மறையும்வரை நான் பிளாட்பாரத்தில் நின்று அவளுக்காக அழுதேன்.