மேடைக்காரரின் கட்டைவிரல்

ஊருக்கெல்லாம் போகி மார்கழிக் கடைசியில் வரும். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அது கத்திரி வெயில் ஓய்ந்த கையோடு வரும். அமெரிக்காவில் நடக்கும் பெரிய வீடியோ கேம் கண்காட்சியில் புதிய கன்சோலைக் காட்டப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும். கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் போகி. டிவியில் மாட்டி விளையாடும் பழைய பெட்டியைத் தூசி தட்டி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, இணையத்தில் போட்டு, அன்றைக்கே விற்றுவிட வேண்டும். புதியதை மேடையில் காட்டிய மறு நிமிடமே பழையதை ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் வராது என்பது எங்கள் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தம் எங்களை ஒரு தடவைகூடப் பணக்காரர்களாக்கியதில்லை. ஆனாலும் விடவில்லை.

மூன்று பேரில் நான் ஒருத்தி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, அம்பத்தூர் எஸ்டேட் என்னும் தொழிற்பேட்டையில் கணினி முன்னால் உட்கார்ந்து, அங்கேயே ஒரு ஃபிளாட்டில் குடியேறியவள். தோற்றால் எனக்குக் கோபம் வரும். வந்தால் ஒரு மணி நேரத்துக்கு என்னிடம் யாரும் பேசக் கூடாது. இது வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

இன்னொருவர் வேப்பம்பட்டிலிருந்து வரும் வங்கி ஊழியர். எங்களில் இளையவர். எங்கள் குழுவின் செய்தித்துறை அவர்தான். உலகத்தில் எந்த மூலையில் எந்தப் பொறியாளர் எந்த மேசையில் எதை வைத்துவிட்டு எழுந்து போனாலும், அதன் மங்கலான படம் மறுநாள் காலை எட்டு மணி மின்சார ரயிலில் இவருடைய போனுக்கு வந்துவிடும். அதில் பாதி பொய். மீதிப் பாதி வேறு ஏதோ சாதனத்தின் படம்.

மூன்றாமவர் அண்ணனூர்க்காரர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். குடும்பத்து வயலெல்லாம் மனைகளாகிப் போன பிறகு எஸ்டேட்டில் ஒரு தகரப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். அங்கே தகரத்தை அமுக்கி வெட்டும் பிரஸ் மெஷின் அவருடைய வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. இது நான் அவரைப் பார்ப்பதற்கு முன்பே நடந்தது. அவரை நான் பார்த்தது, கேம் கண்ட்ரோலர் ரிப்பேர் செய்யும் ஒரு சின்னக் கடையில். என்னுடையதில் கட்டைவிரலால் தள்ளும் குச்சியைத் தொடாமலேயே திரையில் ஆள் நகர்ந்துகொண்டிருந்தான். அவருடையதுக்கும் அதே வியாதி. ஆனால் அவர் கொண்டுவந்தது வெறும் கண்ட்ரோலர் இல்லை. தகரத்தை வளைத்துச் செய்த ஒரு சட்டத்தில் அது உட்கார்ந்திருந்தது.

கண்ட்ரோலரைப் பிடிப்பதே இரண்டு கட்டைவிரல்களை நம்பித்தான். வலது கட்டைவிரல் இல்லாதவருக்கு அதைப் பிடிக்கவும் வராது, அமுக்கவும் வராது. அதனால் இவர் அதை மேசைமேல் அசையாமல் நிறுத்த ஒரு சட்டம் செய்துவிட்டார். பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்துக்கு ஜிக் என்று பெயர், இதற்கும் அதே பெயர். இடது கை வழக்கம்போல் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். வலது கையின் மூன்று விரல்கள் மேலிருந்து ஆர்மோனியம் வாசிப்பது மாதிரி பட்டன்களில் இறங்கும். அந்த மூன்று விரல்களிடம் நான் தோற்ற கணக்கைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தோற்பதைவிட அவர் பேச்சுதான் எரிச்சல். ஜெயித்தால், "இன்னாக்கா, ரெண்டு வெரலு கம்மியா கீறவங்கிட்டயா தோத்த?" என்பார். தோற்றால் கையைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு வெரலு கம்மிக்கா, கொஞ்சம் பாத்து ஆடக் கூடாதா?" என்பார். இரண்டு பக்கமும் அவருக்கே லாபம். என்னை விட வயதில் மூத்தவர், ஆனாலும் நான் அவருக்கு அக்கா. அந்த முறையில் என் கணவர் அவருக்கு மாமே. என் கணவர் கிரிக்கெட் தவிர வேறு எதையும் விளையாட்டாகவே ஒப்புக்கொள்ளாதவர். ஞாயிறு மதியம் டிவியை எங்களிடம் பறிகொடுத்துவிட்டு, போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டு, டீ மட்டும் போட்டுக் கொடுப்பார்.

அந்த வருடம் வதந்தி பலமாக இருந்தது. வங்கிக்காரர் ரயிலிலிருந்தே குழுவில் படங்களாகப் போட்டுத் தள்ளினார். பெட்டி கறுப்பு என்றார், இல்லை வெள்ளை என்றார், நிமிர்த்தி வைக்கலாம் என்றார். நான் ஆபீஸில் முக்கியமான மீட்டிங்கில் மேசைக்கு அடியில் போனை வைத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் தெரிந்தது காபிக் கறையா, பட்டனா என்று இரண்டு நாள் சண்டை போட்டோம்.

அண்ணனூர்க்காரருக்கு நிறமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். வங்கிக்காரரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நைனா, பழைய கண்ட்ரோலரு புதுசுல வேலை செய்யுமா? அத்த மட்டும் கேட்டுச் சொல்லு."

அந்த ஜிக் பழைய கண்ட்ரோலரின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. புதிய பெட்டி வேறு வடிவத்தில் ஒரு கண்ட்ரோலரைக் கேட்டால் அவர் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு பார்வையாளராக உட்கார வேண்டியதுதான். ஜிக் செய்யும் முன்பு இரண்டு வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். ஒரு முறை டீ குடிக்கும்போது இதைச் சொல்லிவிட்டு, உடனே பேச்சை பிஸ்கட்டுக்கு மாற்றிவிட்டார்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் வங்கிக்காரர் மூச்சு வாங்க ஒரு குரல் செய்தி அனுப்பினார். "அண்ணாத்தே, உறுதியாயிடுச்சு! பழைய கண்ட்ரோலர் எல்லாம் புதுசுல ஓடுமாம். உள்ளேயிருந்தே கசிஞ்சிருக்கு!"

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் விற்றோம். அண்ணனூர்க்காரரின் பெட்டியை ஆவடியிலிருந்து யாரோ வந்து வாங்கிப் போனார்கள். ஜிக்கும் அதில் இருந்த கண்ட்ரோலரும் மட்டும் அவரிடம் தங்கின. "பெட்டி போவட்டும்க்கா, கை என்கிட்டதான கீது" என்றார். வதந்தியை நம்பி விற்கிறாரே என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் நானும் அன்று காலைதான் என்னுடையதை விற்றிருந்தேன். புத்தி சொல்லும் நிலைமையில் இல்லை.

கண்காட்சியை நேரலையில் பார்க்க எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். அவர்களுக்குக் காலை, நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். மடியில் தட்டு, தட்டில் பரோட்டா. மேடையில் நரைத்த தாடியும் டி-ஷர்ட்டுமாக ஒருவர் வந்தார். பெட்டியைக் காட்டினார்கள், கத்தினோம். அதில் ஓடும் விளையாட்டில் வரும் ஒரு காட்டைக் காட்டினார்கள், இலை இலையாகத் தெரிந்தது, இன்னும் கத்தினோம். என் கணவர்கூட, "மழை நல்லாப் பெய்யுதே" என்றார்.

பிறகு அந்தத் தாடிக்காரர் கண்ட்ரோலரைக் கையில் தூக்கினார். முழுக்கப் புதிய வடிவம். முதுகு வளைந்து, பிடி நீண்டு இருந்தது. புதிய விளையாட்டுகளுக்கு இது மட்டும்தான், பழையது செல்லாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பெட்டி கடைக்கு வருவது தீபாவளிக்கு அப்புறம் என்றும் சொன்னார்.

வங்கிக்காரர் பரோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது. பாவம், அவர் முகம் ஏற்கெனவே அழுகிற மாதிரிதான் இருந்தது. அண்ணனூர்க்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"யக்கா," என்றார் அவர். "அத்த நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. அவரு கைல தூக்குறாரு பாரு, அங்க நிறுத்து."

நிறுத்தினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். டிவிக்கு முன்னால் மண்டிபோட்டு, திரையில் தெரிந்த கண்ட்ரோலரை அளக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, அது டிவியில பெருசாத் தெரியுது. நெஜ அளவு எப்படிக் கெடைக்கும்?" என்றேன்.

"பக்கத்துல அவரு கட்டவெரலு கீதுல்ல? அது திரையில எவ்ளோ, நெஜத்துல எவ்ளோன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் கணக்குதான்." தன் இடது கட்டைவிரலைத் திரையில் இருந்த விரலுக்குப் பக்கத்தில் நீட்டினார். "அவருதும் இத்த மாதிரிதான் இருக்கும். இருக்கறது ஒண்ணு. அதுவாச்சும் வேலைக்கு ஆவட்டும். நைனா, போன்ல போடு கணக்கு."

வங்கிக்காரர் பாவத்தைக் கழுவுகிற வேகத்தில் கணக்குப் போட்டார். மேடையில் மிச்சக் கண்காட்சி என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒரு அமெரிக்கக் கட்டைவிரலை அளந்துகொண்டிருந்தோம்.

அடுத்த மாதமே புதிய ஜிக் தயார். நீல பெயின்ட் அடித்துப் படம் அனுப்பினார். அளவுகள் நிறுவனத்திடமிருந்து வெளிவரட்டும், அவசரம் என்ன என்று நான் கேட்டேன். "பொட்டி வர்ற அன்னிக்கே ஆடணும்க்கா. நீங்க ரெண்டு பேரும் ஆட, நான் சொம்மா பாத்துகினு குந்தமாட்டேன்" என்றார். ஆயுத பூஜையன்று, தான் இன்னமும் வேலை பார்க்கும் பட்டறையில் மெஷின்களோடு அந்த ஜிக்கையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்திருந்தார். கண்ட்ரோலர் இன்னும் கப்பல்கூட ஏறியிருக்காது.

பெட்டி இல்லாத அந்த மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று என் கணவரைக் கேட்க வேண்டும். அலமாரிகளை அடிக்கடி ஒழுங்குபடுத்தினேன் என்று மட்டும் சொல்வார்.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெட்டி முதலில் வந்தது. மற்ற இருவருடையதும் வர இன்னும் நாளாகும் என்றார்கள். தகவல் சொன்ன கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். டிவியில் மாட்டினோம். திரையில் கரும்பச்சையாக ஒரு காடு விரிந்து, ஏதாவது ஒரு பட்டனை அழுத்தச் சொன்னது. வங்கிக்காரர் கண்ட்ரோலரை மரியாதையாக எடுத்து அண்ணனூர்க்காரரிடம் நீட்டினார். அவர் துணிப்பையிலிருந்து நீல ஜிக்கை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ட்ரோலரை அதில் இறக்கினார்.

இறங்கவில்லை. ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறு பக்கம் தூக்கியது. அமுக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜிக் சின்னது.

"அந்த ஆளு கட்டவெரலு என்னுத விட பெருசுக்கா," என்றார் மெதுவாக. "உயரமான ஆளு. அத்த நான் யோசிக்கவே இல்ல பாரு."

அன்று அவர் சிரிக்கவில்லை. விரலைக் காட்டிக் கேலி செய்யவும் இல்லை. "நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்" என்று சொல்லி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த 'பாக்கறேன்' எனக்குப் பொறுக்கவே இல்லை.

சட்டைப்பையில் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. என் கணவர். இந்தியா ஆடும் நாள், போனில் இரண்டாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"எஸ்டேட்ல உங்க பட்டறை ஞாயித்துக்கெழமை தொறந்திருக்குமா?" என்றார்.

"வாட்ச்மேன் நம்மாளுதான் மாமே."

"அப்ப கெளம்புங்க. வண்டியில கொண்டு விடறேன். அளவு எடுக்க அந்த ரிமோட்டையும் எடுத்துக்குங்க."

கண்ட்ரோலரை ரிமோட் என்று சொன்னதற்காக நான் அவரை அன்று திருத்தவில்லை. இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போய்விட்டார்கள். பெட்டியோடு வந்தது ஒரே ஒரு கண்ட்ரோலர். அதுவும் அவர்களோடு போய்விட்டது.

நானும் வங்கிக்காரரும் சோபாவில் உட்கார்ந்து திரையைப் பார்த்தோம். இத்தனை மாதமாக எதற்காக அடித்துக்கொண்டோமோ, அது எதிரே எரிந்துகொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்து என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. அழுத்துவதற்கு எங்களிடம் பட்டன் இல்லை.

"வேற கண்ட்ரோலர் எங்கயாவது கெடைக்குதான்னு பாக்கட்டுமாக்கா?" என்றார் வங்கிக்காரர்.

"பேசாம உக்காருங்க தம்பி. அவர் வரட்டும்," என்றேன்.

டீ போட்டுக் குடித்தோம். காட்டில் மழை பெய்து ஓய்ந்து மறுபடி பெய்தது. இருட்டும் நேரத்தில் படியில் சத்தம் கேட்டது. முதலில் என் கணவர் வந்தார், சட்டையெல்லாம் இரும்புத் தூள். பின்னால் அண்ணனூர்க்காரர். நீல ஜிக்கை நடுவே வெட்டி, புதிதாக ஒரு தகரத் துண்டு வைத்துப் பற்றவைத்திருந்தார். பெயின்ட் இல்லை, சூடு இன்னும் ஆறவில்லை. மேசைமேல் வைத்துக் கண்ட்ரோலரை இறக்கினார். சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

மூன்று விரல்களும் மேலிருந்து இறங்கிப் பட்டனை அழுத்தின. காடு திறந்தது.

ஒரே கண்ட்ரோலர் என்பதால் ஆளுக்கொரு முறை அந்தக் காட்டில் ஓடி, யாருடைய நேரம் குறைவு என்று பார்த்தோம். அவர் என்னை முழுசாகத் தோற்கடித்தார். ஆடி முடித்துத் திரும்பினார். வாய் திறப்பதற்கு முன்பே என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாக்கா, ரெண்டு வெரலு கம்மியா கீறவங்கிட்டயா..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷமான கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. "இன்னொரு ஆட்டம்," என்று கண்ட்ரோலரைப் பிடுங்கினேன். ஜிக்கும் கூடவே வந்தது.