நரைத்த தலைப் பலகை

பஸ்ஸில் ஏறினால் எனக்குக் குமட்டும். சின்ன வயதில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். சன்னலோரம் உட்கார்ந்து கடைப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தால் வாந்தி வராது. இப்போது எனக்கு அரூரில் வேலை, தினமும் பஸ்தான். ஆனால் பலகைகளை வாசித்தால்தான் குமட்டுகிறது.

டீக்கடை 'கஃபே' ஆகிவிட்டது. முடிவெட்டும் கடை 'மென்ஸ் ஸ்டுடியோ'. தொலையட்டும், ஆசைப்பட்டு வைத்துக்கொண்டார்கள். பாக்கெட் மசாலாவைக் கொட்டிக் குழம்பு வைக்கிற ஓட்டல், வாசலில் 'பாட்டி கைமணம்' என்று எழுதிவைப்பதைத்தான் சகிக்க முடியவில்லை. பொய்யை அச்சடித்து, அதற்கு லைட்டும் போட்டு வைத்திருக்கிறது இந்த ஊர்.

வாரம் ஒருநாள் சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வருவாள். பஸ் நிலையத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த கடையின் நிழலில் சாமையும் தேனும் வைத்து விற்பாள். அந்த வாரம் அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்த நிழலில் நடக்கும் வியாபாரத்தால்தான். நான் அவளிடம்தான் சாமை வாங்குவேன். என்னைவிட இளையவள். தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது.

போன வருடம் அந்தக் கடையை ஒருவர் எடுத்து, 'மலை ஆயா ஆர்கானிக்ஸ்' என்று பலகை மாட்டினார். பலகை நிறைய இவள் முகம். யாரோ மலைக்கு வந்து சும்மா போட்டோ எடுத்தார்களாம். ஆயா என்றால் நரைத்திருக்க வேண்டுமே, அதனால் கம்ப்யூட்டரில் தலையை நரைக்கவைத்து, கன்னத்தில் சுருக்கமும் போட்டிருந்தார்கள்.

"ஏங்க்கா, எனக்கு இத்தன வயசா ஆயிடுச்சு?" என்று முதல் நாள் சிரித்தாள். அடுத்த வாரம் கடைக்காரர் அவளை அங்கே உட்காரக் கூடாது என்று விரட்டிவிட்டார். நான் அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"மேடம், மலை சனங்ககிட்ட நேரடியா வாங்கறோம்னு போர்டுல போட்டிருக்கறோம்ங்க. அதுக்குக் கீழயே ஒரு பொம்பள சாக்க விரிச்சு உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"அந்தப் பொம்பளதாங்க உங்க போர்டுல இருக்கறது."

அவர் பலகையையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. "அது மாடலுங்க" என்றார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கடைக்குள் இருந்த வாசனைத் திரி, கண்ணாடிப் பாட்டில், அதில் ஒட்டிய அவள் முகம், எல்லாமே அருவருப்பாக இருந்தது.

இப்போது அவள் பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறைச் சுவரோரம் வெயிலில் உட்காருகிறாள். அந்த நாற்றத்தில் தின்கிற பொருளை யார் வாங்குவார்கள்? போன வாரம் நான் அவளிடம் சாமை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, செல்போனில் அந்தப் பலகையின் படத்தை அவளிடம் நீட்டினார்.

"ஏம்மா, இந்த ஆயா கடை எங்க இருக்குது?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "வுடுங்க்கா" என்றாள் மெதுவாக. பிறகு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ அங்கதாங்க. வெள்ள முடியோட ஒரு ஆயா தெரியுது பாருங்க, அதாங்க."

அந்த அம்மாள் அவள் முகத்தை நேராகப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் வாங்கியது போக மிச்சச் சாமையைச் சாயங்காலம் அவள் தூக்கிக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறினாள்.