இருபத்து மூன்றாம் கண்ணாடி

அப்பா சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரக்கைப்பிடியால் சுவரைத் தட்டினார். விரிசலுக்கு இடப்பக்கம் மூன்று தட்டு. டொக் என்றது. வலப்பக்கம் மூன்று தட்டு. டொப் என்றது.

"பொருமிக் கெடக்கு," என்றார். "பூச்சு செங்கல்லோட ஒட்டாம தனியா நிக்குது. கொத்தி எடுத்துட்டு செங்கல் மேலதான் கண்ணாடிய ஒட்டணும். அரை மணி ஆகும்."

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால். பதினொன்றுக்குப் பேருந்து. விடுமுறைக்கு வந்தவளை, போகிற வழியில்தானே என்று அப்பா தன் தொழிற்சாலைக்குள் கூட்டி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, வளாகத்தில் வாயில்காவலரைத் தவிர யாரும் இல்லை. சாம்பல் கொட்டும் அறைக்குள் இருவரும் நின்றார்கள். அவள் ஒரு கையில் குழைத்த சிமெண்ட், மறு கையில் ஆறு அங்குலக் கண்ணாடித் துண்டு.

"பூச்சு மேலயே ஒட்டிடுப்பா. செவுரு நகந்தா பூச்சும் கூடவே நகரும். அது போதும்."

"போதுங்கறே?"

"போதும்பா."

"இஞ்சினியரம்மாவே சொல்லியாச்சு. அப்புறம் என்ன."

அவர் பூச்சின் மேலேயே ஒட்டினார். ஈர சிமெண்டில் ஆணியால் 23 என்று எழுதி, கீழே தேதி போட்டார். ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது. அவள் பேருந்தைப் பிடித்துவிட்டாள். சன்னல் ஓர இருக்கைகூடக் கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து, மழைக்காலத்தின் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அந்தச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. அப்பா வெளியே, சுவரின் காலடியில் ஓடும் சாக்கடையில் குனிந்து அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

விரிசல் இல்லாத சுவர் கிடையாது. அது பழைய விரிசலா, இன்னும் வளர்வதா என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள அவரிடம் இருந்த கருவி கண்ணாடித் துண்டு. விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டிவிட வேண்டும். கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடைந்தால் ஆட்களை விலக்கி, முட்டுக் கொடுத்து, மேலே சொல்ல வேண்டும். முழுசாக இருந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவர் கண்ணாடிச் சுற்று வருவார். நோட்டில் எண்ணுக்கு நேரே 'முழுசு' அல்லது 'உடைசல்' என்று எழுதுவார். வேறு வார்த்தை அந்த நோட்டில் இல்லை.

முப்பத்தொரு வருடம். மூன்று கொட்டகைகள், கொதிகலன் அறை, சாம்பல் அறை, கிடங்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது கொட்டகையைக் கட்ட வந்த கொத்தனார்களில் ஒருவராகத்தான் உள்ளே வந்தார். கட்டி முடித்ததும் மற்றவர்கள் அடுத்த ஊர் வேலைக்குக் கிளம்பினார்கள். அன்று பார்த்து முதல் மழை. கூரை ஒழுகியது. யாரும் சொல்லாமலே இவர் ஏறிப் போய் அடைத்துவிட்டு இறங்கினார். "நீ இங்கயே இருய்யா" என்றார்கள். இருந்துவிட்டார்.

மழைக்கு முன்பு கூரைத் தகட்டின் ஒவ்வொரு ஆணிக்கும் வாஷர் பார்ப்பது, வடிகால் தகரத்தில் இலை அள்ளுவது. மழைக்குப் பின்பு ஈரம் பூத்த இடங்களைச் சுரண்டுவது. வெயில் காலத்தில் இரும்புக் கதவுகளுக்கு மசகு போடுவது. வாரம் தவறாமல் சாக்கடை. இயந்திரம் நன்றாக ஓடினால் இயந்திரக்காரருக்குப் பேர். கூரை ஒழுகாவிட்டால் யாருக்கும் பேர் இல்லை. ஒழுகினால் மட்டும், "எங்கய்யா அந்த டொக்டொக்கு?" என்று தேடுவார்கள்.

டொக்டொக் மேஸ்திரி. அதுதான் அவருக்கு வளாகத்தில் பேர். எந்தச் சுவரைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. ஒருமுறை மூச்சிரைப்புக்கு டாக்டரிடம் போனவர், காத்திருந்த நேரத்தில் அந்த அறைச் சுவர் நான்கையும் தட்டி முடித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டதும், "டாக்டர், உங்க வடக்குச் செவுத்துக்கு மூச்சு வாங்குது," என்றார். "மொதல்ல நீங்க உக்காருங்க, உங்களுக்கு வாங்கறதப் பாப்போம்," என்றார் டாக்டர். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "கட்டறதுக்கு முன்னாடி என்னைய மட்டும் தட்டிப் பாக்க மறந்துட்டாரு. அதான் மாட்டிக்கிட்டாரு," என்பாள்.

மகள் கட்டடப் பொறியியல் படித்தாள். பட்டம் வாங்கிய அன்று மண்டபத்தின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், வெளியே வந்ததும், "நல்ல வேலைப்பாடு," என்றார். கூரையையா, அவளையா என்று அவள் கேட்கவில்லை. அதுவரை அவள் எது சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசிய மனிதர், அன்றிலிருந்து சுவர், கூரை, கம்பி விஷயங்களில் அவளை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு அது பெருமையாக இருந்தது. பெருநகரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து முப்பது மாடிக் கட்டடங்களின் கணக்கைச் சரிபார்ப்பது அவள் வேலை. சுவர் ஒன்றைக் கையால் தொட்டே ஐந்து வருடம் ஆகியிருந்தது.

சுவர் விழுந்த மூன்றாம் நாள் அவள் வளாகத்துக்குப் போனாள். ஸ்டோர்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம். அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"வா பாப்பா," என்றவர் முன்னால் நடந்தார். சாம்பல் அறைக்கு மூன்று சுவர்தான் மிச்சம். நான்காவது, செங்கல் குவியலாகக் கிடந்தது. சாக்கடைத் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

ஸ்டோர்காரர் தன் மேசை இழுப்பறையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார்.

"இதப் பாரு. அவ்வளவு செவுரும் விழுந்திருக்கு, மேஸ்திரி ஒட்டின கண்ணாடி உடையல. ஒரு கீறல் இல்ல. என்ன கை பாரு அது. எல்லாருகிட்டயும் காட்டினேன்."

கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது. இடது முனையில் பூச்சோடு உடைந்த செங்கல் ஒட்டியிருந்தது. வலது முனையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு மட்டும். அவள் திருப்பிப் பார்த்தாள். பூச்சின் பின்பக்கத்தில் செங்கல்லின் தடமே இல்லை. பழைய தூசி படிந்து, ஒரு மூலையில் நூலாம்படை இருந்தது. சிலந்தி குடியிருக்கிற அளவுக்கு அந்தப் பூச்சுக்கும் சுவருக்கும் இடையில் இடம் இருந்திருக்கிறது. சுவர் அதன் பாட்டுக்கு நகர்ந்திருக்கிறது. பூச்சு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். இருபத்து மூன்று: முழுசு. முழுசு. முழுசு. முழுசு.

"ரொம்ப ஒழுங்கு," என்றார் ஸ்டோர்காரர்.

மேலாளர் அவளை உட்காரவைத்து தேநீர் வரவழைத்தார். நல்ல மனிதர். அப்பாவின் உடலோடு கடைசிவரை வந்தவர்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லம்மா. மேல அனுப்பற ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு வரி எழுதியாகணும். கண்ணாடி உடையல, ஆனா செவுரு விழுந்திருக்கு. இது எப்படி? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

"கண்ணாடி பூச்சு மேல ஒட்டியிருக்கு. பூச்சு பொருமியிருக்கு. கொத்தி எடுத்துட்டு செங்கல் மேல ஒட்டியிருக்கணும்."

"அப்ப மேஸ்திரி ஒட்டினதுலதான் கோளாறு."

அவள் வாயைத் திறந்தாள். மேலாளரின் பேனா தாளின் மேல் தயாராக நின்றது. மேலே மின்விசிறி சுற்றியது. மூன்று இறக்கை, ஒன்று லேசாக வளைந்திருந்தது.

"பாவம், அனுபவம் எவ்வளவு இருந்து என்ன," என்றார் மேலாளர். "உங்கள மாதிரி படிச்சவங்க ஒருத்தர் கூட இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது."

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். அவர் எழுதி முடித்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிடத் தீர்மானித்தாள். அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, எதையும் செய்யாமல் இருந்தாள்.

"அம்மா, அந்தக் கண்ணாடிய பூச்சு மேல ஒட்டச் சொன்னது நான்தான். அப்பா வேண்டாம்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான்தான் சொன்னேன்."

"சரி."

"உனக்குப் புரியலம்மா."

"பூச்சுல ஒட்டினா என்ன, செங்கல்ல ஒட்டினா என்ன? விழற செவுரு விழத்தானே செய்யும்?"

"விழும். ஆனா கண்ணாடி முன்னாடியே உடைஞ்சிருக்கும். உடைஞ்சிருந்தா அப்பா அந்தப் பக்கம் யாரையும் விட்டிருக்க மாட்டாரு. அவரும் போயிருக்க மாட்டாரு."

 அம்மா சுவரில் கை ஊன்றி எழுந்தாள்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாத," என்றாள். "எனக்கும் சொல்லியிருக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு அம்மா அவளோடு பேசாமல் இல்லை. சாப்பிடச் சொன்னாள், துணி மடிக்கச் சொன்னாள். டாக்டர் கதையை மட்டும் யார் வந்து கேட்டாலும் சொல்லவில்லை.

பத்தாம் நாள், அப்பாவின் சட்டைகளை மடித்து வைக்கும்போது ஒரு பையில் நாட்காட்டித் தாள் அகப்பட்டது. பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் நான்கு வரி. கதவுக்கு எண்ணெய். கொக்கி இரண்டு. வீட்டுக்காரிக்கு மூட்டுத் தைலம். மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன. நான்காவது அடிக்கப்படவில்லை: கண்ணாடிக் கடை, வியாழன்.

கடை சந்தைத் தெருவின் கடைசியில், சைக்கிள் கடையை ஒட்டி இருந்தது. உள்ளே சுவர் நெடுகக் கண்ணாடிப் பலகைகள் சாய்ந்து நின்றன. கடைக்காரர் மேசை மேல் குனிந்து ஒரு பலகையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி ஒரு துண்டு சொல்லியிருந்தாராமே," என்றாள் மகள். "நான் அவரு பொண்ணு."

"அட, இஞ்சினியரா?" அவர் நிமிர்ந்து முகம் மலர்ந்தார். "உங்களப் பத்திச் சொல்லாம இந்தக் கடைப் படி எறங்கினதில்ல மனுஷன். எங்க அவரு? போன வியாழக்கிழமையே வர்றேன்னாரு. வாக்கு தவறாத ஆளாச்சேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அலமாரியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை எடுத்தார். மேலே 23 என்று எழுதியிருந்தது.

"சனிக்கிழமை அவசரமா வந்தாரு. எங்கயோ ஒண்ண பூச்சு மேல ஒட்டிட்டாங்களாம். மழையில தட்டிப் பாத்தா டொப்பு டொப்புனு ரொம்ப தூரம் கேக்குதாம். கொத்திட்டுப் புதுசா ஒட்டணும், உடனே வெட்டிக் குடுன்னாரு. எனக்கு அன்னிக்குத் தலைக்கு மேல வேலை. வியாழக்கிழமை வாங்களேன், ஓடியா போயிடும்னு சொல்லிட்டேன். சரி, அதுவரைக்கும் செவுத்துகிட்ட தண்ணி அண்டாம சாக்கடைய சுத்தமா வச்சுக்கறேன்னுட்டுப் போனாரு."

சனிக்கிழமை. அன்று மதியம் அப்பா அவளுக்குத் தொலைபேசியில் பேசியிருந்தார். சாப்பிட்டாயா என்றார். அங்கே மழையா என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

"யாருங்க இப்படி ஒட்டி வச்சதுன்னு கேட்டேன்," என்றார் கடைக்காரர். "நான்தான், ஏதோ அவசரத்துலன்னாரு. அவசரமா, நீங்களான்னு சிரிச்சேன். அவரு சிரிக்கல."

"அவரு இல்ல," என்றாள் அவள். "நான்தான் அவசரப்படுத்தினேன்."

"அதனாலென்னம்மா. மாத்தி ஒட்டிட்டா ஆச்சு."

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆறு அங்குலம், ஒரு அங்குலம், இரண்டு மில்லிமீட்டர் கனம். அளவு சரியாக இருந்தது. வியாழக்கிழமை வாங்களேன் என்று சொன்ன மனிதர் எதிரே கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், சனிக்கும் செவ்வாய்க்கும் இடையே அவரும் இனி நாள் எண்ணத் தொடங்குவார்.

"ஓரம் நாலும் தேச்சுட்டேன், கையைக் கிழிக்காது," என்றார். "அப்பாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்," என்றாள்.