பாடமாட்டேன் என்று செமோருக்குப் போய் வந்தது

செமோர்த் தோட்டத்துப் பங்குனி உத்திரத்துக்கு எப்படிப் போவது, என்ன செலவாகும், பெண் பிள்ளைகள் போகலாமா என்று நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போன வாரம்தான் போய் வந்தேன். இது எனக்கு இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும். கோயில் கொட்டகையில் நான் முருகனைத் தொட்டிலில் போடுகிற தாலாட்டுப் பாடியதையும், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண்கள் அழுததையும், கங்காணி எழுந்து நின்று கும்பிட்டதையும் ஒரு வருடமாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் போனதற்குக் காரணம் வேறு. அப்பா வாசகசாலையிலிருந்து எடுத்துவந்த வேதாந்தப் புத்தகம் ஒன்றை மார்கழி முழுவதும் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் ஒன்று மனதில் தைத்துவிட்டது. கோபம், பொறாமை போன்ற கசப்பான அகங்காரத்தை விட்டுவிட எல்லாருக்கும் ஆசை உண்டாம். இனிக்கிற அகங்காரத்தை விடத்தான் யாருக்கும் மனம் வராதாம். எனக்கு இனிப்பது எது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த உத்திரத்துக்குத் தோட்டத்துக்குப் போவேன், பாடமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன்.

ஈப்போவிலிருந்து காலை ஏழு பத்துக்கு வண்டி. அப்பா ரயில்வே சரக்கு ஆபீசில் கிளார்க்கு என்பதால் அவருக்குப் பாஸ் உண்டு. எனக்கு மூன்றாம் வகுப்பில் இருபத்தெட்டுக் காசு. கிழக்குப் பக்கத்து ஜன்னலில் இடம் பிடியுங்கள். சுண்ணாம்புக் குன்றுகளில் வெயில் ஏறுவதைப் பார்க்கலாம். தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் லம்பங்கள் என்கிற ஈயச் சுரங்கங்கள்தான்: மண்ணெல்லாம் வெள்ளையாக, நடுவில் பச்சைத் தண்ணீர்க் குட்டைகள், சீனப் பெண்கள் கறுப்புச் சட்டை போட்டுக் குனிந்து ஈயம் அரித்துக்கொண்டு. அதற்குப் பிறகு கித்தா என்கிற ரப்பர்க் காடு. பங்குனியில் மரங்கள் இலையுதிர்ந்து புதுத் தளிர் விட்டிருக்கும், செம்பு நிறத்தில். பச்சையாக இருக்கும்போது இந்தக் காடு இவ்வளவு அழகில்லை.

வண்டியில் அப்பாவிடம் விரதத்தைச் சொன்னேன்.

"பாடாமல் இருப்பதற்கு எதற்கு எட்டு மைல் வருகிறாய்? வீட்டிலேயே பாடாமல் இருக்கலாமே" என்றார்.

அப்பா எப்போதும் வேடிக்கையாகப் பேசுவார் என்று விட்டுவிட்டேன். அவர் கேட்டதற்குப் பதில் யோசித்திருக்கலாம்.

செமோர் ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக் கோயில் மூன்று மைல். மாட்டு வண்டிக்கு இரண்டு பேருக்கு நாற்பது காசு, முக்கால் மணி நேரம். வண்டிக்காரர் பெயர் ராமு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். போன வருடமும் எங்களை ஏற்றிப் போனவர் அவர்தான்.

"பாப்பா இந்த வருசமும் பாடும்லா?" என்று ஏறும்போதே கேட்டார்.

"பாடாத விரதமாம்" என்றார் அப்பா.

"திங்காத விரதம் தெரியும், பேசாத விரதம் தெரியும். இது என்னாலா புதுசா? மாடு இழுக்காத விரதம் இருந்தா எங்க கதி என்னாவும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "லயத்துல இருக்குற செல்லாயி அக்கா பாவம் ஐயா. இன்னைக்கு மூணேகால் வண்டிக்குப் பினாங்கு போவுது. அங்கேருந்து கப்பல். ஒரேடியா ஊருக்குப் போவுது, இனிமே வராது. பாப்பா பாட்டைக் கேட்டுட்டுத்தான் பெட்டியைத் தூக்குவேன்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கு. ரெண்டு மணி தாண்டினா நான் ஏத்திக்கிட்டு வந்துரணும்."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியது என்று எழுத ஆசைதான். அப்போது எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: எவ்வளவு பெரியதை விடப்போகிறேன், பார்!

கோயில் சின்னது, தகரக் கூரை. லயத்து வீடுகளில் இருக்கிற தோட்டத் தொழிலாளர்களே பணம் போட்டுக் கட்டியது. துரை அன்று ஒரு நாள் லீவு விடுவார். பத்து மணிக்குப் பால்குடம் வந்தது, பிறகு அபிஷேகம், பூசை. பன்னிரண்டரைக்குக் கொட்டகையில் பாட்டு. போன வருடம் நான் சுவாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் கடைசித் தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். கடைசியில் உட்கார்ந்தாலும் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

செல்லாயி அங்கேயே என்னிடம் வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். புதுச் சேலை கட்டியிருந்தாள். கயிறு சுற்றிய தகரப் பெட்டி ஒன்றை நடுத்தூணில் சாய்த்து வைத்திருந்தாள்.

"தாயி, ஒரே ஒரு தடவை. முச்சூடும் வேணாம். தொட்டில்ல போடுற எடம் வரைக்கும் போதும்."

நான் புன்சிரிப்போடு தலையாட்டி, விரதம் என்றேன்.

பக்கத்திலிருந்த மீனாட்சி என்கிற பெண் சும்மா இருக்கவில்லை. "என்னடி இது, பொண்ணு கேட்டு வந்த மாதிரி இல்ல கெஞ்ச வேண்டியிருக்கு! தாம்பூலத் தட்டு கொண்டாரவா பாப்பா? போன வருசம் நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்தலையே நீ!"

எல்லாரும் சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை. கீழே குந்திக்கொண்டாள்.

"போன வருசம் சீக்காக் கெடந்த எங்க வீட்டுக்காரவுகளைக் கட்டிலோட தூக்கியாந்து இந்தத் தூணோரமாத்தான் போட்டிருந்தோம், தாயி. நீ பாடப் பாட நல்லாத் தூங்குனாக. ரெண்டு மாசமாத் தூக்கமே இல்லாத மனுசன். வைகாசியில போயிட்டாக. கோயிலுக்குப் பின்னாடிதான் பொதைச்சிருக்கு. நான் போறேன்னு அந்தப் பாட்டோட சொல்லிட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிதாக என் காதில் கேட்டது, சுற்றி நின்ற பெண்கள் "பாடு தாயி, பாடு தாயி" என்று சொன்னதுதான். போன வருடம் பாட்டு முடிந்த பிறகுதான் புகழ்ந்தார்கள். இந்த வருடம் பாடாமலேயே கிடைத்தது. யாரோ ஓர் அம்மாள், "இந்த வயசுல என்ன அடக்கம் பாரு!" என்றாள். நான் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

"பாடிவிடேன், அம்மா" என்று அப்பாவும் மெதுவாகச் சொன்னார். மாட்டேன் என்றேன். இன்னொரு தடவை கேட்பார்கள், கொட்டகை முழுவதும் சேர்ந்து கேட்டால் அது முருகன் உத்தரவு, அப்போது பாடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். செல்லாயி இன்னொரு தடவை கேட்கவில்லை. "சரி தாயி, சாமிக்கு நேர்ந்தது" என்று எழுந்து போய்விட்டாள்.

சாப்பாடு ஒரு மணிக்கு. அரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு, பாயசம். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். கிளார்க்கு ஐயா மகள் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று அதையும் பேசிக்கொண்டார்கள். செல்லாயி இலையில் நான்கு பருக்கைதான் தின்றிருப்பாள். கொஞ்சம் பாயசத்தைத் தொன்னையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனாள்.

இரண்டு மணி சுமாருக்கு நான் காத்திருந்தது நடந்தது. கங்காணியே வந்து கைகூப்பினார். "ஐயா மகளே, எல்லாரும் கேக்குறாங்க. சாமி கோவிச்சுக்க மாட்டாரு." ஆண்களும் பெண்களும் கூடிவிட்டார்கள். நான் சுவாமியைப் பார்த்து உத்தரவு வாங்குவதுபோல் கண்ணை மூடினேன். பிறகு பாடினேன்.

நன்றாகத்தான் பாடினேன். போன வருடத்தைவிட நன்றாக. தொட்டிலில் போடுகிற இடம் வந்ததும் கண்ணைத் திறந்து நடுத்தூணைப் பார்த்தேன். தகரப் பெட்டி அங்கே இல்லை.

பாட்டை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுந்து ஓடியிருந்தால் மாட்டு வண்டியைப் பிடித்திருக்கலாம், மாடு என்ன மோட்டாரா? நான் கடைசி அடிவரை பாடினேன். எல்லாரும் அழுதார்கள். மீனாட்சி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

ராமு அண்ணன் திரும்பி வந்து எங்களை ஏற்றும்போது நாலு மணி. நானாகவே கேட்டேன், செல்லாயி அக்கா ஏதாவது சொன்னாளா என்று.

அவர் மாட்டைத் தட்டிவிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, "வளைவு தாண்டினப்ப, பாட்டு மாதிரி இருக்கே அண்ணேன்னு கேட்டுச்சு. நான் எறங்கி மாட்டு மணி ரெண்டையும் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்லா. ரெண்டு பேரும் நின்னு கேட்டோம். ஒண்ணும் வரலை. காத்து அந்தப் பக்கம்" என்றார். "திரும்பிப் போலாமான்னு கேட்டேன். வண்டி போயிடும், வேணாம்னுருச்சு."

செமோரில் ஐந்து இருபது வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது, பினாங்கு ஸ்டேஷனில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, தந்தி கொடுத்து அவளைத் தேடிப் பிடிக்க முடியாதா என்று கேட்டேன். "பிடித்து?" என்றார். தந்தியில் பாட முடியாது என்பது எனக்கும் தெரியும்.

பாட்டை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். வெளியே போன புகழ்ச்சி சுற்றிக்கொண்டு அடக்கத்தின் பக்கமாக வந்து உட்கார்ந்தது, நான் அதற்குப் பாய் விரித்தேன். புத்தகத்தில் இந்த இடம் இருந்திருக்கும். நான் புரியாமல் தாண்டிய பாதியில் இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: ஒருவருக்குப் போக வர ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு போதும், அரிச்சனையும் சேர்த்து. செமோருக்கு இப்போது மோட்டார் பஸ்ஸும் ஓடுகிறது. மலிவு, ஆனால் நேரத்துக்கு வராது. காட்டுப் பாதையில் அட்டை உண்டு, உப்பு கொண்டு போங்கள். குடை அவசியம், மூன்று மணிக்கு மேல் மழை. தண்ணீரைக் காய்ச்சித்தான் தருவார்கள், பயமில்லாமல் குடிக்கலாம். பெண் பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். பாடத் தெரிந்தவர்களை நிச்சயம் பாடச் சொல்வார்கள். முதல் தடவை கேட்கும்போதே பாடிவிடுங்கள். பாடிவிட்டுப் பெருமைப்பட்டால் பட்டுக்கொள்ளுங்கள், அதை வீட்டுக்கு வந்த பிறகு முருகனிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பத்திரிகை சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓரத்தில் அபிப்பிராயம் எழுதுகிறோம் அல்லவா? எவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறாள் என்று உங்களில் யாராவது எழுதுவீர்கள் என்று, எழுதிக்கொண்டிருக்கும்போதே நினைத்துவிட்டேன். அதனால் இந்தக் கட்டுரைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். ரயில் நேரம் ஏதாவது மாறியிருந்தால் அதை மட்டும் திருத்துங்கள்.